ஐயத்துக்குரிய விதியும் கேட்க மறுக்கும் மனமும்

மேலூர்ப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என மாட்டின் உருவத்தைக் கொண்டு பிரிவுகள் வகுக்கப்படுவதை நம் வாசகர் அறிவர். இரு பிரிவுகளின் எல்லையில் நிற்கும் ஒரு சோடி எதில் ஓடுவது என்ற வழக்கை வண்டி பூட்டுமுன்னே தீர்த்துவிட வேண்டும். வென்றபின் எழும் வழக்கு ஊரையே இரண்டாக்கிவிடும். விதி தெளிவற்ற இடத்தில் நேர்மையாளன் என்ன செய்வான்? இதே கேள்வி கார்ப் பந்தயத்திலும் உண்டு. அங்கே அது இன்னும் கூர்மையானது.

வேகமாக ஓடும் கார் வளைவில் சாலையைப் பற்றி நிற்கவேண்டுமானால், காற்று அதைக் கீழ்நோக்கி அழுத்தவேண்டும். ஆடிக்காற்று கூரையைத் தூக்குவதைக் கண்ட மதுரைச் சமவெளியினர், அவ்விசையைத் தலைகீழாகத் திருப்பி எண்ணிப் பார்த்தால் போதும். 1978 ஜூன் 17ஆம் நாள் சுவீடன் நாட்டின் ஆண்டர்ஸ்டார்ப்பில் நடந்த கிராண்ட் பிரீயில் பிராபம் அணியின் கார் பின்புறம் ஒரு பெரிய விசிறியுடன் வந்தது. அவ்விசிறி காரின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சியது. கார் தரையோடு ஒட்டிக்கொண்டது. காற்றியக்கத்தையே முதன்மை நோக்கமாகக் கொண்ட உறுப்பு அசையலாகாது என்றிருந்தது விதி. வடிவமைத்தவரான கார்டன் மரே, விசிறியின் முதன்மை நோக்கம் எஞ்சினைக் குளிர்விப்பதே என்று வாதிட்டார். நிக்கி லாடா அரை நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் வென்றார். வெற்றி செல்லுபடியாயிற்று, ஆயினும் அதற்குப்பின் எந்த உலகக் கோப்பைப் பந்தயத்திலும் அந்தக் கார் ஓடவில்லை.

மரேயை ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்லமாட்டோம். விதியில் 'முதன்மை' என்ற வழுக்கும் சொல்லை இட்டவர்கள் வேறு சிலர்.

அச்சொல்லின் தழும்பு இன்றும் மாணவர் போட்டிகளில் தெரிகிறது. பொறியியல் மாணவர்கள் தாமே கட்டிய கார்களுடன் போட்டியிடும் 'ஃபார்முலா எஸ்.ஏ.இ.' 1981இல் அமெரிக்காவில் தொடங்கியது. அவ்வழியில் வந்த 'ஃபார்முலா பாரத்' நம் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பல ஆண்டுகள் நடைபெற்றுள்ளது. ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிநூல் காரின் அடியிலிருந்து காற்றை இழுக்கும் கருவியைத் தடுத்து, குளிர்விப்பதற்கென்றே அமைந்த விசிறிக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. விதியின் நோக்கத்தை மீறுவதும் விதியை மீறுவதே என்றும் கூறுகிறது. ஐயமிருப்பின் கேட்கலாம் என்று வழியும் வைத்திருக்கிறது.

நோக்கத்தைப் பற்றிய அவ்விதி நமக்குச் சற்று அச்சமூட்டுகிறது. நோக்கம் என்பது விதி வகுத்தவரின் உள்ளத்தில் கிடப்பது. உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ தமிழ்வழியில் பயின்று வந்த மாணவன் ஆங்கில விதிநூலை எழுத்தெண்ணிப் படித்து, இரவெல்லாம் கண்விழித்துக் கட்டிய காரை, 'எங்கள் நோக்கம் இதுவன்று' என்ற ஒற்றைச் சொல்லால் வெளியேற்றிவிடலாமே! திருச்சபைச் சட்டத்தொகுப்பு இதை முன்னுணர்ந்தே, சட்டத்தைப் பற்றிய ஐயம் இருக்கும்போது சட்டம் கட்டுப்படுத்துவதில்லை என்று 14ஆம் விதியில் வரையறுத்தது. 17ஆம் விதியோ முதலில் சொற்களின் பொருளைப் பார்க்கச் சொல்கிறது. அதுவும் தெளிவற்றிருந்தால்தான் சட்டத்தின் நோக்கத்தையும் சட்டம் இயற்றியவரின் மனத்தையும் நாடச் சொல்கிறது.

ஆக, ஐயம் உரிமை தருகிறது. ஆனால் எந்த ஐயம்? தேடியும் தீராத ஐயம் ஒன்று. தீர்ந்துவிடக்கூடாதே என்று பேணி வளர்க்கப்படும் ஐயம் மற்றொன்று. 'கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்கள், கேட்காமல் பொருத்திவிடுவோம்' என்று குழுவில் ஒருவன் சொல்கிறான் என்று கொள்வோம். விடை என்னவென்று அவன் ஏறக்குறைய அறிந்துவிட்டான். புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இவ்வகை அறியாமையைத் தனியே பிரித்துக் காட்டினார்: தடையின்றிச் செய்துகொள்வதற்காகவே அறியாதிருக்க விரும்புவோனை அவ்வறியாமை குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை என்பது அவர் கருத்து.

'பிற அணிகள் கேட்பதில்லையே, கேட்டவன்தானே தோற்கிறான்?' என்பர் இளைஞர். உண்மைதான், இழப்பு உண்டு. அதை இல்லையென்று நாம் மழுப்பப்போவதில்லை. கேட்டவனைக் காக்க வைக்காமல் காலத்தோடு விடை தருவது அமைப்பாளரின் கடமை. கேட்டும் விடை வராவிடில், மாணவன் தன் கருவியைத் துணிந்து பொருத்தட்டும். ஆய்வாளரின் கண்முன் திறந்துவைத்தே பொருத்தட்டும். ஆண்டர்ஸ்டார்ப்பில் கார் ஓடாமல் நின்றபோது, பிராபம் அணியினர் அந்த விசிறியைக் குப்பைத்தொட்டி மூடி ஒன்றால் மறைத்து வைத்திருந்தனர்.