பழங் காகித விளக்கு

பழம்பொருளைத் தீண்டாது வைத்தல் அதனைப் போற்றுவதாகுமா? இவ்வினாவிற்கு ஜப்பானியரின் காகித நிலைவிளக்கு நல்லதொரு விடை பகர்கின்றது.

1951ஆம் ஆண்டில் இசாமு நொகுச்சி என்னும் சிற்பி, ஹிரோஷிமா செல்லும் வழியில் கிஃபு நகரை அடைந்தார். அந்நகரத்தார் தொன்றுதொட்டுக் காகிதக் கூண்டுவிளக்குச் செய்வோர். மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் மின்குமிழை வைத்து, அவர் அவ்விளக்கிற்குப் புதுவடிவங்கள் தந்தார். ‘அக்கரி’ எனப் பெயரிட்டார். ஒளி, எடையின்மை ஆகிய இரண்டையும் அப்பெயர் உணர்த்தும்.

மர அச்சின்மீது மூங்கிற்கீற்றைச் சுற்றி, முசுக்கட்டை இன மரப்பட்டைக் காகிதத்தை ஒட்டுவர். உலர்ந்தபின் அச்சைப் பகுதி பகுதியாகக் கழற்றிவிடுவர். உருத்தந்த அச்சு விலகினாலன்றி ஒளிக்கு இடமில்லை.

அக்காலத்து விளக்குகளை இன்று பெருவிலைக்கு வாங்குவோர் உளர். காகிதமோ நாளடைவில் மஞ்சளிக்கும், கிழியும். கிழியுமென்றஞ்சி ஏற்றாது வைப்பவர், விளக்கைக் காக்கவில்லை, காகிதத்தையே காக்கின்றார். கிழிந்தவுடன் எறிபவரோ, அதனை ஒட்டிய கைகளின் உழைப்பை எறிகின்றார். இருவரும் பிழைபட்டோரே.

கிழிசலை ஒட்டுக, ஒட்டவியலாதெனின் புதுக்கூண்டு மாட்டுக, மாலைதோறும் ஏற்றுக. “பழமை அழிந்துவிடாதோ?” எனச் சிலர் வினவலாம். அச்சையே அகற்றி ஆக்கிய பொருளுக்குக் காகிதம் மாறுவதால் என்ன குறை? கண்கூசும் ஒளியை மென்மையாக்கி, அறையிலுள்ளார் அனைவர்க்கும் பகிர்ந்தளித்தலே அவ்விளக்கின் பழமை. அத்தொழில் நிற்குமட்டும் விளக்கும் நிற்கும். இருளில் கிடக்கும் விளக்கிற்கு எவ்வளவு விலை கூறினும், அது விளக்காகாது.