ஆதாயமும் அறமும்

வாணிகத்திற்கு ஆதாயமே உயிர். அதனை மறுப்பார் இலர். ஆயினும், எது ஆதாயம் என்று வினவுதல் அறிவுடையோர் கடனாகும்.

விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புந்தோங்கிற்கு அண்மையிலுள்ள புக்கிட் மேராவே சான்று பகரும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தபின் எஞ்சும் மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதிலிருந்து அருமண் பொருள்களைப் பிரித்தெடுக்கும் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் அங்கு இயங்கத் தொடங்கியது. எஞ்சியதைப் பயன்படுத்துதல் நன்றே. ஆனால், உடன்வரும் தோரியக் கதிரியக்கக் கழிவை எங்கே வைப்பது? 1984இல் பாப்பான் மக்கள் தம்மூரில் வைக்க இசையவில்லை. 1985இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடப் பணித்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும், 1994இல் ஆலை மூடப்பட்டது. வழக்கில் வென்றபின்னும் மண்ணைத் தூய்மை செய்யும் பெருஞ்செலவு உரியவர்களை விடவில்லை.

வேலை போகுமே என்பர் சிலர். தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த நம்மவர்க்கு ஆலை வேலை அரியதே. ஆயினும், கூலி தரும் ஆலையும் குழந்தை உறங்கும் வீடும் ஒரே காற்றையன்றோ பகிர்கின்றன?

மண்ணும் நீரும் காற்றும் ஊராரின் முதல். அம்முதலைத் தின்று ஏட்டில் எழுதும் வரவு ஆதாயமன்று. எழுதாமல் மறைத்த கடனேயாம். ஆகவே, தொழில் நடத்துவோர் கழிவின் செலவை முதல் நாளிலேயே கணக்கில் ஏற்றுவாராக. அதன்பின்னும் எஞ்சுவது எதுவோ அதுவே ஆதாயம். நிலைத்து வளர்வதும் அதுவே.