வாக்கில்லாத பிள்ளையின் சங்கம்

இலங்கையின் முரசுமோட்டைக் கிராமத்தில் கராத்தே பழகும் ஒரு பிள்ளைக்குத் தேசியச் சங்கத்தோடு என்ன உறவு? பட்டித் தேர்வுக்குக் காசு கட்டுகிறது, போட்டிக்குப் பெயர் கொடுக்கிறது. அவ்வளவுதான். பிள்ளை ஆசிரியரின் கழகத்தில் இருக்கிறது. கழகம் ஷோட்டோகான், கோஜூ ரியூ என்று ஏதோவொரு பாணியின் அமைப்பில் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் வாக்கு பெரும்பாலும் அத்தகைய அமைப்புகளின் கையில்தான். யாருடைய காசில் சங்கம் நடக்கிறதோ அவர்களுக்கு அங்கே குரல் இல்லை.

பொருள் சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். தேசியச் சங்கத்தை விட்டு அப்படிப் போக முடியாது. உலகக் கராத்தே சம்மேளனம் ஒரு நாட்டுக்கு ஓர் அமைப்பைத்தான் ஏற்கும். இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டமும் தேசியச் சங்கங்களைக் கட்டுப்படுத்துகிறது. நாட்டுக்காக ஆட வேண்டுமானால் அந்த ஒரே வாசலால்தான் போகவேண்டும். வேறு வழியில்லாதவர்களிடம் காசு வாங்குகிறவருக்குக் கடமை இரட்டிப்பாகிறது. நிர்வாகிகள் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள், அவர்களை இப்படி நெருக்கலாமா என்று கேட்பார்கள். பலர் சொந்தக் காசையும் செலவழிப்பது உண்மை. அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் பதவி ஒருவர் கேட்டு வாங்கியது; பிள்ளையின் நிலை அது கேட்டு வந்ததல்ல.

இந்தியாவில் நடந்ததைப் பார்க்கலாம். இந்தியக் கராத்தே சங்கத்தின் நிர்வாகிகள் அணி பிரிந்து மோதினார்கள், தேர்தலே சர்ச்சையானது. 2020 ஜனவரியில் இந்திய ஒலிம்பிக் சங்கமும், ஜூனில் உலகச் சம்மேளனமும் அங்கீகாரத்தை விலக்கின. கராத்தே முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டிருந்த காலம் அது. டோக்கியோவோடு அந்த வாய்ப்பும் முடிந்தது, 2024 பாரிஸில் கராத்தே இல்லை. சண்டை போட்டவர்கள் நாற்காலிக்காகப் போட்டார்கள். காலம் போனது பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு.

அப்படியானால் தடை அநீதியா? இல்லை. யாப்பை மீறும் சங்கத்தைக் கண்டும் காணாமல் விட்டால் அடுத்த தலைமுறையும் அதே கையில்தான் மாட்டும். அநீதி, தண்டனையை எல்லோர் தலையிலும் ஒன்றாகக் கொட்டுவதில் இருக்கிறது. 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநிறுத்தப்பட்டது. ஆனாலும் 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வண்டி வீரர் சிவ கேசவன், நாட்டுக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட்டார். நிர்வாகியைத் தண்டித்துக்கொண்டே வீரருக்குக் கதவைத் திறந்து வைக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

இதெல்லாம் பெரிய அநீதி, கண்ணுக்குத் தெரியும். சின்னது தெரியாது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரத்து முரசுமோட்டை 2009இன் தொடக்கத்தில் போர் கடந்துபோன இடம். வயலை நம்பிய குடும்பங்கள் திரும்பி வந்து வெறுங்கையோடு தொடங்கின. அங்கிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். தெரிவுப் போட்டி கொழும்பில் என்றால், பிள்ளை இரவு முழுக்கப் பேருந்தில் வந்து, தூக்கமில்லாமல் விரிப்பில் ஏறவேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் போட்டி ஒன்றல்ல. மொழியிலும் இதே நிலைதான். 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. போட்டி விதி, கட்டண விபரம், முறையீட்டுப் படிவம் ஆகியவை தமிழில் கிடைப்பதைச் சலுகையாக எண்ணக்கூடாது, உரிமை அது. மாகாணத்துக்கு ஒரு தெரிவுப் போட்டியும் தமிழ் தெரிந்த நடுவர்களும் செலவு வைக்கும் காரியங்கள்தான். அந்தச் செலவைக் கூட்டங்களிலும் பயணங்களிலும் மிச்சம் பிடிக்கட்டும்.

பட்டித் தேர்வுக் கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வளவு மேலே போகிறது, எதற்குச் செலவாகிறது என்பதை ஆண்டுதோறும் ஒவ்வொரு கழகத்தின் சுவரிலும் ஒட்டவேண்டும். பெற்றோர் அதைக் கேட்கவேண்டும். ஆசிரியர் கோபிப்பார் என்று அஞ்சவேண்டாம். நல்ல ஆசிரியர் அதே கேள்வியைத் தானும் மேலிடத்தில் கேட்பார். தம் சண்டையால் சங்கத்தின் அங்கீகாரத்தைத் தொலைத்தவர் எந்த அணியைச் சேர்ந்தவரானாலும் மறுபடி எந்தப் பதவிக்கும் நிற்கக்கூடாது. இதை ஒவ்வொரு சங்கமும் தன் யாப்பில் எழுதிவைக்கவேண்டும்.