அனுமதி எழுதிய கை

2002 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க நீதி அமைச்சகத்தின் சட்ட ஆலோசனை அலுவலகம் இரண்டு குறிப்புகளை அனுப்பியது. வரைந்ததில் பெரும்பங்கு ஜான் யூவுடையது. கையெழுத்து அலுவலகத் தலைவர் ஜே பைபீயுடையது. உடலுறுப்பு செயலிழக்கும்போதோ உயிர் போகும்போதோ உண்டாகும் அளவுக்கு வலி இருந்தால்தான் உடலை வருத்துவது சித்திரவதை ஆகும் என்றது முதல் குறிப்பு. இரண்டாவது குறிப்பு, உளவு அமைப்பான சிஐஏவின் பிடியில் இருந்த அபு சுபைதா என்ற ஒரு கைதிக்காகவே எழுதப்பட்டது. அவரைச் சாய்பலகையில் கட்டி, முகத்தில் துணி போட்டு, மூச்சுத் திணற நீர் ஊற்றுவது உட்படப் பத்து முறைகளைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்றது. அந்த ஒரே மாதத்தில் அவர்மீது 83 முறை நீர் ஊற்றப்பட்டது.

ஊற்றியவர்களின் குற்றம் பற்றி எனக்குக் குழப்பமில்லை. ஊற்றலாம் என்று எழுதிக் கொடுத்தவர்களை என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி.

அவர்கள் பக்கம் ஒரு வாதம் உண்டு, அது அற்பமானதல்ல. அரசுக்கு ஆலோசனை சொல்பவர் தவறக்கூடும். தவறிய கருத்துக்கெல்லாம் தண்டனை என்றால், அடுத்து அந்த நாற்காலியில் அமர்பவர் வாயே திறக்கமாட்டார். மேலும், செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. அடுத்த குண்டு எங்கே வெடிக்குமோ என்ற பயம் உண்மையானது.

ஆனால் இந்த வாதம் நேர்மையாகத் தவறியவருக்குத்தான் பொருந்தும். முதல் குறிப்பைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. உறுப்புச் செயலிழப்பு என்ற அளவுகோல் சித்திரவதை பற்றிய எந்தச் சட்டத்திலிருந்தும் வரவில்லை. எந்த நிலையில் ஒருவருக்கு அவசரச் சிகிச்சைப் பலன் கிடைக்கும் என்று வரையறுக்கும் மருத்துவச் சட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டது. போர்க்காலத்திலும் அதிபரின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்று 1952இல் உச்ச நீதிமன்றம் எஃகு ஆலை வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அதிபரின் அதிகாரத்தை விரித்து எழுதிய இந்தக் குறிப்பில் அந்தத் தீர்ப்பு இல்லை. 1983இல் டெக்சாஸில் கைதிகளுக்கு நீர் ஊற்றி வாக்குமூலம் வாங்கிய ஷெரிஃப் ஒருவரையும் அவருடைய உதவியாளர்களையும் இதே நீதி அமைச்சகம்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அதுவும் இல்லை. தமக்கு எதிரான தீர்ப்பைச் சொல்லி, அது ஏன் பொருந்தாது என்று வாதிடுவது வழக்கறிஞரின் வேலை. அதைச் சொல்லாமலே விடுவதைக் கருத்துப் பிழை என்று எப்படி ஏற்பது?

அவசரம் என்ற சாக்கும் நிற்கவில்லை. செனட் உளவுக் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அபு சுபைதா 47 நாட்கள் ஒரு கேள்விகூடக் கேட்கப்படாமல் தனியறையில் வைக்கப்பட்டிருந்தார். குறிப்பு கைக்கு வந்த பிறகு, ஆகஸ்ட் 4 அன்று, வதை தொடங்கியது. நொடிக்கு நொடி ஆபத்து என்று நம்பியவர்கள் ஒன்றரை மாதம் எதற்குக் காத்திருந்தார்கள்? அந்தக் காகிதத்துக்குத்தான். பின்னாளில் தம்மைக் காக்க அப்படியொரு காகிதம் வேண்டும் என்று சிஐஏ அறிந்திருந்தது. ஆகவே இது செயலுக்குப் பின் எழுந்த விளக்கம் அல்ல. செயலுக்கு முன் தரப்பட்ட அனுமதி.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது. சட்ட ஆலோசனையை நம்பி நடந்த விசாரணையாளர்கள்மீது வழக்கு இல்லை என்று 2009இல் ஒபாமா அரசு அறிவித்தது. உத்தரவிட்ட மேலிடமும் அதே ஆலோசனையைக் காட்டியது. ஆலோசனை தந்தவர்களோ, நாங்கள் கருத்துதான் சொன்னோம் என்றார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட, உடலில் பட்ட வதைக்குப் பொறுப்பானவரே இல்லாமல் போனார். அமைச்சகத்தின் ஒழுங்குப் பிரிவு யூ, பைபீ இருவரும் தொழில்முறைக் கடமையை மீறினார்கள் என்று கண்டறிந்தும், மூத்த அதிகாரி டேவிட் மார்கோலிஸ் 2010 ஜனவரியில் அதை ஏற்க மறுத்து, தீர்மானப் பிழை என்ற அளவோடு முடித்துவைத்தார். அதற்குள் பைபீ மேல்முறையீட்டு நீதிபதியாகியிருந்தார். யூ பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்தார்.

நியூரம்பெர்க்கில் 1947இல் நாஜி நீதிபதிகளையும் நீதி அமைச்சக அதிகாரிகளையும் விசாரித்துத் தண்டித்தவர்கள் அமெரிக்க நீதிபதிகள். குற்றத்தின் அளவில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. ஆனாலும் பேனா பிடித்தவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற நெறியை அந்த நாடே உலகின் முன் வைத்தது. போரோ நெருக்கடியோ சித்திரவதைக்குக் காரணமாகாது என்றும், அதற்கு உடந்தையாவதும் குற்றம் என்றும் கூறும் ஐ.நா. உடன்படிக்கையை 1994இல் ஏற்றதும் அதே நாடுதான்.

காவலில் தாம் வதைக்கப்பட்டதாகக் கூறி ஹோசே படில்லா என்ற அமெரிக்கர் யூமீது தொடுத்த வழக்கு 2012இல் தள்ளுபடியானது. அவருக்கு நேர்ந்தது சித்திரவதைதான் என்பது 2001 முதல் 2003 வரையிலான காலத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றிருக்கவில்லை என்றது நீதிமன்றம். அந்த ஐயத்தை அரசுக்குள் வளர்த்த காகிதங்களில் யூ எழுதியவையும் உண்டு. அவற்றை எழுதியவரைச் சிறைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதிரான தீர்ப்புகளை ஏன் மறைத்தீர்கள், அந்த அளவுகோலை எங்கிருந்து, யார் கேட்டு எடுத்தீர்கள் என்ற கேள்விகளுக்குக் கூண்டில் நின்று பதில் சொல்லவைக்க வேண்டும். குற்றச்சாட்டே பதிவாகாமல் அபு சுபைதாவைக் குவான்டனாமோவில் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்த அரசு, அந்தக் குறைந்தபட்ச விசாரணையைக்கூடத் தன் அதிகாரிகளிடம் நடத்தவில்லை.