உறையிட்ட புத்தகம்

மதுரைப் புது மண்டபத்தில் இன்னும் புத்தகக் கடைகள் இருந்த நாளில், தையல் இயந்திரங்களின் ஓசைக்கு நடுவே, ஓய்வுபெற்ற ஆசிரியர் போன்ற தோற்றமுடைய ஒரு முதியவர், மறைமலையடிகளின் ‘மரணத்தின்பின் மனிதர் நிலை’ என்னும் நூலைப் பேரம் பேசாமல் வாங்கி, “மேலே ஒரு பேப்பரைப் போட்டுக் குடுங்க தம்பி, பேரு தெரிய வேணாம்” என்று சொன்னதையும், கடைக்காரர் “சரிங்கய்யா” என்று பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்து உறையிட்டுக் கொடுத்ததையும் நான் அருகில் நின்று கண்டேன். நடந்தது அவ்வளவுதான். ஆயினும் அந்தக் காகித உறை என் மனத்தை விட்டு அகலவேயில்லை.

யாரிடமிருந்து மறைத்தார்? வீட்டாரிடமிருந்தா, உடன் பணியாற்றிய நண்பர்களிடமிருந்தா, அன்றித் தம்மிடமிருந்தேயா?

அந்நூலை எழுதியவரோ எதையும் ஒளித்தவரல்லர். 1876-இல் வேதாசலமாகப் பிறந்து, 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கி, 1911-இல் அவ்வேலையை விட்டுப் பல்லாவரத்தில் துறவு பூண்ட அப்பெரியார், சைவத்துக்கும் தனித்தமிழுக்கும் ஆற்றிய தொண்டையே நாம் மேடைதோறும் போற்றுகிறோம். அதே கரத்தால் ‘யோகநித்திரை அல்லது அறிதுயில்’, ‘மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி’, ‘தொலைவிலுணர்தல்’ முதலிய நூல்களையும் இயற்றினார் என்பதை மட்டும் ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம். அவர் மனோதத்துவப் பேராசிரியர் அல்லர். எனினும் மேனாட்டார் நூல்களைத் தேடிக் கற்று, உறக்கத்தின் மீதும் நோயின் மீதும் எண்ணத்துக்குள்ள சக்தியை விசாரிக்கப் புகுந்து, தாம் கண்ட முடிவுகளைத் தம்முடைய திருமுருகன் அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டு, விலை குறித்து, தம் பெயரிட்டு வெளியிட்டார்.

அக்காலத்தில் மனோதத்துவத்துக்கும் மறைஞானத்துக்கும் இடையில் இன்றுள்ள மதில் எழும்பவில்லை. ஆவிகளையும் தொலைவுணர்வையும் ஆராய்வதற்கென்றே லண்டனில் கற்றறிந்தோர் ஒரு சங்கம் கண்டது 1882-இல். பிரம்மஞான சபை அடையாற்றுக்குக் குடிபெயர்ந்ததும் அவ்வாண்டின் இறுதியிலேதான். அதற்கும் முன்னரே, 1845-இல், வங்காளத்து ஹூக்ளியில் எஸ்டெய்ல் என்னும் மருத்துவர் நோயாளிகளை வசியத்தால் உறங்கவைத்து அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் ஈதரும் குளோரோபாரமும் வந்தமையால் அம்முறை வழக்கொழிந்ததேயன்றி, அவர் செய்தது வெறும் புரட்டு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

மீண்டும் அந்த உறைக்கே என் எண்ணம் ஓடுகிறது. அங்கிருந்து, காரணமின்றியே, அழகர்கோவிலுக்குப் போய்விடுகிறது. சிறுவயதில் அம்மாச்சி என்னைப் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதிக்கு அழைத்துச் சென்றாள். அங்கே விக்கிரகம் இல்லை. சாத்திய கதவுகளே தெய்வம். சந்தனமும் மாலையும் அக்கதவுகளுக்குத்தான். சுற்றுவட்டத்து ஊர்களின் தீராத வழக்குகளெல்லாம் அவற்றின் முன் சத்தியம் செய்து தீர்ந்தன. “உள்ள என்ன இருக்கு அம்மாச்சி?” என்று கேட்டேன். “ஏன்யா, அதத் தெரிஞ்சு என்ன செய்யப் போற? சத்தியம் பண்ணக் கதவு போதும்” என்றாள். அடிகளார் அவ்விடையை ஏற்றிருக்கமாட்டார். உள்ளிருப்பது யாது என்று கேட்டு, அறிந்தமட்டில் எழுதி, ஊரறிய அச்சிட்டிருப்பார். அவர் திறந்ததை வாங்கிய முதியவரோ செய்தித்தாள் கொண்டு மறுபடியும் மூடிவிட்டார். அம்மாச்சியின் பக்கம் நின்றா அவர் அவ்வாறு செய்தார் என்றால், அதுவும் இல்லை; அவள் மூடியதை வணங்கினாள், அவரோ கூசியதால் மூடினார்.

எப்போதோ படித்த ஒரு செய்தியும் இதனோடு வந்து சேர்கிறது. 1896-இல் இதே மதுரையில், மீனாட்சியம்மன் கோயிலுக்கு அணித்தான ஒரு வீட்டில், வேங்கடராமன் என்ற பதினாறு வயது மாணவன், திடீரென மரணபயம் பற்றிக்கொள்ள, பிணம்போல் நீட்டிப் படுத்து, சாவது யார் என்று தன்னுள்ளே விசாரித்தான். அவனே பின்னாளில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஆனான். ஆவேச நிலைகளைப் பற்றியே 1902-இல் மருத்துவ ஆய்வேடு எழுதிய சுவிட்சர்லாந்து மனோதத்துவ அறிஞர் கார்ல் யுங், 1938-இல் சென்னை வரை வந்தும் அவரைக் காணச் செல்லவில்லை. பிற்காலத்தில் மகரிஷியைப் பற்றிய ஜெர்மானிய நூலொன்றுக்கு முன்னுரை வரைந்தபோது அதைத் தாமே குறிப்பிட்டார். வாழ்நாள் முழுதும் கதவுகளைத் தட்டிய ஒருவர் ஒரு கதவின் முன் வராமலே திரும்பியதை அச்சம் என்பதா, மரியாதை என்பதா? புது மண்டபத்து முதியவரின் கூச்சத்திலும் இவ்விரண்டும் கலந்திருந்தனவோ என்னவோ.

அடிகளார் செய்ததே நேரிது என்று என் அறிவு சொல்கிறது. காதோடு காதாக ஓதப்படும் இரகசியத்தை மறுக்க ஒருவருக்கும் வழியில்லை. அச்சில் வந்ததை எவரும் எடுத்து வாசிக்கலாம், வாதிடலாம், தவறென்றும் காட்டலாம். ஆனால் அச்சேறியது யாவும் ஆராய்ந்து தெளிந்தது என்று கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு; இத்தகைய நூலை நாடி வருவோரிற் பலர் ஆராயும் நிலையில் இருப்பவருமல்லர், அண்மையில் யாரையேனும் இழந்தவர்களாகவே இருப்பர். ஆகவே, இதை அச்சிடலாமா என்று ஒருவர் வந்து கேட்டால், அச்சிடுங்கள் என்றே நான் சொல்லக்கூடும். மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அதே நூலைக் கையில் ஏந்தி, இதில் உள்ளது மெய்தானா என்று கேட்பாளாயின், அவளுக்கு என்ன விடை சொல்வேன் என்பது எனக்குத் தெரியவில்லை.