திருப்பணி யாருடையது?



பழமையான திருக்கோயில் ஒன்றில் ஜீர்ணோத்தாரணம் தொடங்குங்கால், எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? ஆராதனம் செய்யும் அர்ச்சகருக்கா, பொருள் அளிக்கும் உபயதாரருக்கா, ஸ்தபதிக்கா, அறநிலையத் துறைக்கா, கல்வெட்டு ஆராயும் அறிஞருக்கா? ஒவ்வொருவரும் தமக்கே என்பர். ஒவ்வொருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

அடியேன் இவ்வினாவை நூல்களிலிருந்து எடுக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸம்ப்ரோக்ஷணத்தின் பொருட்டு நம் கோயில் உட்பிராகாரச் சுவர்கள் மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்யப்பட்டன. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் நீங்கிக் கருங்கல் பளிச்சென்று தோன்றியது கண்டு அடியேனும் மகிழ்ந்தேன். உபயதாரருக்கு மாலை சாற்றிக் கொண்டாடினேன். பின்னர் வந்த கல்வெட்டு அறிஞர் ஒருவர் சுவரைக் கையால் தடவிப் பார்த்து நெடுநேரம் பேசாது நின்றார். யாரோ ஒருவர் நந்தாவிளக்கு எரிக்க நிலம் விட்ட செய்தி அங்கே இருந்ததாம். நிலத்தின் எல்லை மட்டும் படிக்கக் கிடைத்தது. விட்டவர் பெயர் மழுங்கிப் போயிற்று. அப்பெயரை அழித்தவர்களில் அடியேனும் ஒருவன். எவரிடத்தும் கெட்ட எண்ணம் இல்லை. ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் வழக்கமும் இல்லை. பிற்காலத்தில் அம்முறை தடை செய்யப்பட்டது.

ஆத்மா எம்பெருமானுக்கே சேஷம் என்பது நம் ஸம்ப்ரதாயம். ஆத்மாவே நம்முடையதன்று எனில், மதிலும் மண்டபமும் நம்முடையன ஆவது எங்ஙனம்? ஆனால் இவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும். "எல்லாம் பெருமாளுக்காக" என்று சொல்லியே தம் விருப்பத்தைச் சாதித்துக் கொள்வாரும் உண்டு. அன்று அடியேன் சொன்னதும் அதுவே. அவனுக்கு விளக்கிட்டவனும் அவன் உடைமையே என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

உடையவர் ஸ்ரீரங்கத்துப் பரிஜனங்களைப் பத்துக் கொத்தாக வகுத்ததாகக் கோயிலொழுகு கூறும். மாலை வராவிடில் அலங்காரம் நிற்கும். தளிகை வராவிடில் ஆராதனம் நிற்கும். ஒருவர் கைங்கர்யம் மற்றவரை எதிர்பார்த்தே நடக்கும். திருப்பணிக்கும் இதே முறை பொருந்தும் என்பது அடியேன் எண்ணம். அதே திருவரங்கத்தில் 2015-ஆம் ஆண்டு ஸம்ப்ரோக்ஷணத்தை ஒட்டி அறநிலையத் துறை, அறங்காவலர், உபயதாரர், ஸ்தபதிகள் ஆகியோர் ஒன்றுகூடிச் செய்த பணியைப் பலரும் அறிவர். ஆயிரங்கால் மண்டபத்தைச் சூழ்ந்து மேடிட்டிருந்த மண் அகற்றப்பட்டது. மழைநீர் வடியும் பழைய வழிகள் சீராயின. 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது.

அறிஞர்கள்பாலும் ஒரு விண்ணப்பம் உண்டு. எண்ணெயும் திருமஞ்சனமும் கல்லுக்குப் பகை என்று சிலர் கூறுவர். நித்திய ஆராதனம் நின்ற கோயிலில் கல் மட்டும் பிழைத்து என்ன பயன்? அதில் அடியேன் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஏனைய எல்லாவற்றிலும் கேட்டு நடக்கச் சித்தமாயிருக்கிறேன்.

இந்நாளில் மண்டலக் குழுவும் மாநில அளவிலான வல்லுநர் குழுவும் இசைந்த பின்னரே பணி தொடங்குகிறது. தாமதம் ஆகத்தான் செய்கிறது. பாலாலயம் நீள்கிறதே என்று அடியேனும் முணுமுணுத்ததுண்டு. எனினும் இம்முறை நம் கோயிலில் பணிக்கு முன்பே எஞ்சிய கல்வெட்டுகள் மைப்படி எடுக்கப்பட்டன. பளபளக்கும் தரைக்கல் பதிக்க விரும்பிய உபயதாரர் ஒருவரிடம், பழைய பாவுகல்லையே சமன் செய்து இடவேண்டும் என்று குழுவினர் கூறினர். அவர் மிகவும் வருந்தினார். தாயாரின் நினைவாகச் செய்ய நினைத்தது அது. அவரிடம் பேசும் பொறுப்பு அடியேனுக்கு வந்தது. மழுங்கிய கல்வெட்டின் முன் அவரை அழைத்துச் சென்று, அதன் கதையைச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வந்து, பிராகாரத்து மழைநீர் வாய்க்காலைச் செப்பனிடும் செலவை ஏற்றார். மேலே கல் மூடிவிட்டபடியால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

உற்சவத்துக்கு எழுந்தருளியுள்ள ஸேவார்த்திகள் பிரதக்ஷிணம் வருகையில் வடக்குச் சுவரை ஸேவிக்கலாம். அங்கே கற்பூரம் ஏற்றாமலும், எண்ணெய்க் கையைத் துடைக்காமலும் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.