புலி அறிந்த தர்மம்

சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யாவைப் பட்டினி போட்ட புலியின் கூண்டில் அடைத்த வரலாறு, ஏடு வாசிப்பில் கேட்டு வளர்ந்தது. ஈட்டியால் குத்தியும் அந்தப் புலி பாயவில்லை. தலை தாழ்த்திப் படுத்தது. கலிநீசன் கையில் சட்டமும் சேவகரும் இருந்தனர். தர்மமோ அந்த வாயில்லாச் சீவனிடம் இருந்தது.

ஆடு, கோழி பலி வேண்டாம் என்று தடுத்தார் அய்யா. பலி என்பது கோயில் வாசலில் வெட்டுவது மட்டும்தானா?

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், ஒரு வயலில் திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் அந்த உடல்களை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தன. பாரூர் ஏரிப் பாசனத்தில் இருப்போருக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் கேட்டுப் பாருங்கள். ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் வரும். ஒரே இரவில் ஆறு மாதப் பாடு போய்விடும். சில வீடுகளில் ஆளும் போயிருக்கிறார்கள். அந்த உழவனைக் கொடியவன் என்று பேசுவது எளிது. அவனும் தாழக் கிடப்பவன்தான். யானைக்கும் உழவனுக்கும் நடுவே நிற்கவேண்டிய வேலி, சட்டம். அதுவே இன்று தளர்கிறது.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் யானைக்கு முதல் அட்டவணையில் இடம் உண்டு. 2022-இல் வந்த திருத்தம், உரிமைச் சான்று உள்ளவர் வளர்ப்பு யானையைச் 'சமயப் பணிக்கோ வேறு எந்தப் பணிக்கோ' கைமாற்ற வழி திறந்தது. வேறு எந்தப் பணி? அது சொல்லப்படவில்லை. சமயத்தின் பெயரை அங்கே சேர்த்தது பக்தர்களுக்குப் பெருமையா? அலங்கரித்த யானை வந்தால்தான் திருவிழா சிறக்கும் என்போர் உண்டு. அய்யாவுக்குக் கண்ணாடியும் விளக்கும் போதும், சங்கிலி வேண்டாம்.

காட்டின் கதையும் இதுதான். கூடலூர்க் காட்டில் மரம் வெட்டியதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம், ஏட்டில் பதிவாகாவிட்டாலும், காடே என்றது. 2023-இன் திருத்தச் சட்டமோ, பதிவேட்டில் இருந்தால்தான் காடு என்று சுருக்கியது. யானை பதிவேடு பார்த்தா நடக்கும்? 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் பழைய பொருளையே தொடரும்படி இடைக்கால ஆணையிட்டது. இடைக்காலம்தான்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2022-இல் தமிழக அரசு இதே கிருஷ்ணகிரி, தர்மபுரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் யானை சரணாலய எல்லையோடு நின்றுவிடுவதில்லை. ஓசூரைச் சுற்றி ஆலையும் மனையும் பெருகப் பெருக, அதன் பழைய தடம் அறுபடுகிறது.

மின்வேலி போட்ட வயல் தெரிந்தால், முதலில் அந்த வயல்காரரிடமே போய்ப் பேசுங்கள். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். பணம் கைக்கு வரும்வரை அவரோடு அலையுங்கள். அதுவும் பணிவிடைதான்.

அய்யா உண்டு.